செருப்பு கோல்போஸ்ட்

கேள்வி: எட்டு வயசுப் பையனைக் கால்பந்து கோச்சிங்கில் சேர்த்தோம். அவனோ தெருவில் ஆடத்தான் ஓடுகிறான். கண்டிக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: விடுங்கம்மா, ஓடட்டும். கால்பந்து ஜாம்பவான் பெலேவே பிரேசிலின் பவுரு நகரத் தெருக்களில் சாக்ஸுக்குள் காகிதத்தைத் திணித்து உதைத்தவர்தான். 1956-ல், 15 வயதில்தான் சான்டோஸ் கிளப்புக்குப் போனார்.

கோச்சிங்கில் கோன் வைத்து வரிசையில் நிறுத்துவார்கள். பந்து நம் காலுக்கு வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். எங்கள் தெருவில் இரண்டு ஜோடி செருப்புதான் கோல்போஸ்ட். பந்து சாக்கடையில் விழுந்தால் உதைத்தவன்தான் கையை விட்டு எடுக்கணும். அந்தப் பயத்திலேயே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகினேன்!

கோச்சிங்கை நிறுத்த வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும். புது ஷூவை மட்டும் தெருவுக்குப் போட்டு அனுப்பாதீர்கள், கோல்போஸ்ட் ஆகிவிடும்.