தைராய்டு மாத்திரையும் பால் ஒவ்வாமையும்

கேள்வி: தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பால் குடித்தால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. சோயா பாலுக்கு மாறலாமா? முட்டைக்கோஸைத் தொடவே கூடாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாறலாம், ஆனால் நேரம் பார்த்துக் குடியுங்கள். நிறையப் பேர் காலையில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த நிமிடமே காபி டம்ளரைத் தூக்கிவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து 1 மணி நேரம் பொறுங்கள். சோயாவும் மருந்தைத் தடுக்கும் என்பதால் அதை இன்னும் தள்ளி, மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி கட்டாயம்.

முட்டைக்கோஸை வேகவைத்து அளவாகச் சாப்பிடுங்கள், பயமே வேண்டாம். உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

பாலை விட்டால் கால்சியத்துக்கு எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் இருக்கின்றன. அப்புறம், உங்களுக்கு வருவது தடிப்பு, அது பாலின் புரதத்தால் வருகிற ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியானால் தயிர், மோர், பனீர் எதுவும் ஆகாது, நெய்யில்கூடப் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பால் பவுடர் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒருவேளை மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.