பழைய ஆங்கில நாடகங்களில் வரும் கொச்சைச் சொற்களை ஆய்வுக்கு எடுக்கலாமா? - ஃபார்மரும் என் பதினோரு நட்சத்திரங்களும்

"ஷேக்ஸ்பியருக்கு முந்தைய ஆங்கில நாடகங்களில் வரும் கொச்சைச் சொற்களைப் பிஎச்.டி.க்கு எடுக்கலாமா? கைடு முகம் சுளிக்கிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். பதில் அவ்வளவுதான். மீதி என் கதை, நேரமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து பண்பாடு, தாய்மை என்று ஆரம்பிப்பீர்கள். கெட்ட வார்த்தை பேசுவதை நான் ஆதரிக்கவில்லை. பள்ளி வேனில் கற்றுக்கொண்டு வந்த ஒரு சொல்லுக்காக என் பையன் போன மாதம்தான் என்னிடம் முதுகில் ஒன்று வாங்கினான். வாயில் வருவது வேறு, அகராதியில் இருப்பது வேறு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2009இல் எம்.ஃபில். சேர்ந்தேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நான் எடுத்த நாடகம் 'கேமர் கர்ட்டன்ஸ் நீடில்'. 1575இல் அச்சான, ஆங்கிலத்தின் மிகப் பழைய நகைச்சுவை நாடகங்களில் ஒன்று. கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. கர்ட்டன் கிழவி வேலைக்காரன் ஹாட்ஜின் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பூனை பாலில் வாய் வைக்கிறது. விரட்ட எழுந்தவள் ஊசியைத் தொலைக்கிறாள். அந்த ஓர் ஊசிக்காக ஊரே அடித்துக்கொள்கிறது, சமாதானம் பண்ண வந்த பாதிரியாருக்கு மண்டை உடைகிறது. டிக்கன் என்ற போக்கிரி, ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய் என்று தன் பின்புறத்தை நீட்டுகிறான், ஹாட்ஜ் அதை முத்தமிட்டுச் சத்தியம் செய்கிறான். கடைசியில் டிக்கன் ஹாட்ஜின் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைக்க, சுருக்கென்று குத்துகிறது. ஊசி அத்தனை நேரமும் கால்சட்டையிலேயே இருந்திருக்கிறது. இதை நடித்தது எங்கே தெரியுமா? கேம்பிரிட்ஜில், கிறைஸ்ட்ஸ் கல்லூரியில். முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜுக்கு ஆகிவந்தது எங்கள் கல்லூரிக்கு ஆகவில்லை. கைடு சொன்னார்: "ஏம்மா, பொம்பளப் புள்ள எடுக்குற டாபிக்கா இது? ஃபெமினிசம், டயஸ்போரான்னு ஏதாவது பாரேன்." தலைப்பைக் 'கிராமியப் பேச்சு நடை' என்று மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இந்த உத்தி உங்களுக்கும் உதவும்.

அப்புறம்தான் தொல்லை. நாடகத்தில் திட்டும் வசவும் மழையாகக் கொட்டுகிறது, என் கையில் இருந்த பதிப்பின் அடிக்குறிப்போ 'ஒரு கொச்சையான வசை' என்று நழுவிக்கொள்கிறது. வசை என்பது எனக்குத் தெரியாதா? என்ன வசை, யார் யாரைப் பார்த்துச் சொல்வது, இதைத்தானே தேடுகிறேன்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஜான் ஸ்டீபன் ஃபார்மர் அகப்பட்டார்.

1854இல் பிறந்து 1916இல் இறந்த ஆங்கிலேயர். 'ஸ்லாங் அண்ட் இட்ஸ் அனலாக்ஸ்' என்று ஏழு தொகுதி. முதல் தொகுதி 1890, கடைசி 1904. முந்நூறு ஆண்டுக்கும் மேலான தெருப்பேச்சு, திருடர் பாஷை, சிப்பாய் பேச்சு எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு, எந்த நாடகத்தில், எந்தப் பாட்டில் வந்தது என்று மேற்கோளோடு கொடுத்திருக்கிறார். கூடவே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் அதற்கு என்ன சொல்வார்கள் என்ற பட்டியல். பெண்குறிக்கு அந்தக் காலத்துக் கனவான்கள் 'மானோசிலபிள்', அதாவது ஓரசைச் சொல், என்று ஒரு மறைப்புப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தலைப்பின் கீழ் மாற்றுச் சொற்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. பக்கத்து கேபின் பையன் எட்டிப் பார்த்துவிடுவானோ என்று நான் திரையை மறைத்துக்கொண்டு படித்தேன்.

இரண்டாம் தொகுதியிலிருந்து கூட்டாளி டபிள்யூ. இ. ஹென்லி. 'இன்விக்டஸ்' எழுதினாரே, அவர்தான். ஒப்புவித்தல் போட்டியில் நம் பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பரிசு வாங்கும் அதே கவிதை. அவர் இந்த அகராதியில் வருடக்கணக்காக உழைத்தார் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. 1903இல் இறந்துவிட்டார், கடைசித் தொகுதியைப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது இரண்டாம் தொகுதி பற்றி. அது சி எழுத்தில் தொடங்குகிறது. சி-யில் என்ன வரும் என்று ஆங்கிலம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மேலே சொன்ன அந்த ஓரசைச் சொல்தான். அச்சகத்தார் அதை அச்சுக் கோக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பயத்திலும் நியாயம் இருந்தது. 1857 முதலே ஆபாச வெளியீட்டுச் சட்டம் அமலில் இருந்தது, பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்காக ஹென்றி விஸெடெல்லி என்ற பதிப்பாளர் 1889இல்தான் மூன்று மாதம் ஜெயிலுக்குப் போயிருந்தார். ஃபார்மர் விடவில்லை. ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று அச்சகத்தார் மேல் வழக்குப் போட்டார், தோற்றார். தோற்றுவிட்டு வேறு ஆள் பிடித்து அச்சடித்தார், கடையில் வைக்காமல் சந்தாதாரர்களுக்கு மட்டும். அதே ஆண்டுகளில் வந்துகொண்டிருந்த ஆக்ஸ்போர்டு அகராதி அந்தச் சொல்லையும், எஃப்பில் தொடங்கும் இன்னொன்றையும் விட்டுவிட்டது. இரண்டும் அதன் பிற்சேர்க்கையில் ஏறியது 1972இல். ஃபார்மரிடம் முதல் சொல் 1891லும் அடுத்தது 1893லும் வந்தாயிற்று.

இப்போது எங்கள் ஊர் டைப்பிங் சென்டருக்கு வாருங்கள். ஆய்வேட்டை அடித்துக் கொடுத்த அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு, விரல் மட்டும் மெஷின். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் நின்று, "ஸ்பெல்லிங் சரியாம்மா? ரெட் லைன் போடுது" என்றார். சரிதான் என்றேன். "அப்படின்னா?" தயங்கித் தயங்கிச் சொன்னேன். சத்தமாகச் சிரித்துவிட்டு, "இதுக்கா இங்கிலீஷ்ல இத்தனை பக்கம்? எங்க தெருக் குழாயடிக்கு வா, ஒரு மணி நேரத்துல நோட்டு ரொம்பிரும்" என்று அடிக்கத் தொடங்கினார். ஒரு சொல் விடவில்லை. ஃபார்மருக்குக் கிடைக்காத ஆள்.

கைடு சிவப்புப் பேனாவால் பதினோரு இடத்தில் சுழித்துக் கொடுத்தார். சொல்லை எடுத்துவிடு, அல்லது எழுத்தை மறைத்து நட்சத்திரம் போடு. நான் என்ன செய்தேன்? ஃபார்மர் மாதிரி சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பேசாமல் நட்சத்திரம் போட்டேன். டைப்பிங் அக்கா திருத்தத்துக்குக் காசு வாங்கவில்லை, "நல்லாத்தானம்மா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, அன்று வெளித் தேர்வாளர் பக்கத்தைப் புரட்டினார். வயதானவர், மெல்லிய குரல். "இங்க ஸ்டார் போட்டிருக்கீங்களே, மூலத்துல என்ன வார்த்தை?" நான் கைடைப் பார்த்தேன். கைடு மின்விசிறியைப் பார்த்தார். "மூலத்தில் இருக்கு சார்" என்றேன். "அதைத்தான் கேக்குறேன்." இரண்டு விநாடி கழித்து அவரே அந்த வரியைச் சொன்னார், அந்தச் சொல்லோடு, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. அறையில் யாரும் செத்துப்போகவில்லை. "வேர்ட் ஸ்டடில வேர்டையே காணோமே" என்றார். பாஸ் போட்டுவிட்டார். நான் ஃபெயில் ஆனமாதிரிதான் வெளியே வந்தேன்.

கைடைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். அந்த வைவாவுக்கு நான் செய்த செலவு: தேர்வாளருக்கு லாட்ஜ் அறை, கார், சால்வை, துறை முழுவதற்கும் மதிய பிரியாணி. பதினெட்டுப் பேருக்கு! வந்து கேள்வி கேட்டவர் ஒருவர், சாப்பிட்டவர் பதினெட்டு. அப்பா சொசைட்டியில் கடன் வாங்கினார். இதற்கு எந்த விதியிலும் இடமில்லை, எல்லாத் துறையிலும் நடக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு என்னவோ ஹாட்ஜ் முத்தமிட்டதைவிட இதுதான் ஆபாசமாகப் படுகிறது. 'எங்கள் கல்லூரியில் அப்படி இல்லை' என்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், விடுங்கள்.

உங்கள் விஷயம். ஃபார்மரை அகராதியோடு விட்டுவிடாதீர்கள். 1905இலிருந்து பழைய நாடகங்களைப் பதிப்பித்தார். ஹேவுட், பேல், உடால், பெயரில்லாதவர்கள் எழுதிய நாடகங்கள், காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தவை எனத் தொகுதி தொகுதியாக. என் ஊசிக் கிழவியும் அதில் உண்டு. ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் சொற்பட்டியல் சேர்த்திருப்பார், உங்களுக்கு அது புதையல். 1907 முதல் பழைய அச்சுப் பக்கங்களைப் புகைப்படமாகவே எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட நகல் பதிப்புகள் கொண்டுவந்தார். சொல்லுக்கும் படிப்பவனுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது என்பதுதான் இந்த மனிதரின் ஒரே பிடிவாதம் என்று எனக்குத் தோன்றும். புகைப்படத்தில் யார் நட்சத்திரம் போடுவது?

பயன்படுத்தும்போது கவனமாக இருங்கள். நாடகப் பதிப்புகளில் எழுத்துக்கூட்டலைக் காலத்துக்கேற்ப மாற்றியிருக்கிறார். மேற்கோள் தருமுன் மூலத்தோடு ஒத்துப்பாருங்கள். அவருக்கு ஆவி நம்பிக்கையும் உண்டு, 1886இல் ஒரு மீடியத்தின், அதாவது ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்டவரின், வாழ்க்கையையே புத்தகமாக எழுதினார். யாராவது அதை வைத்து மட்டம் தட்டினால் கவலைப்படாதீர்கள். செத்தவர்களைப் பேசவைக்க நினைத்தவர் செத்த சொற்களைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கைடிடம் கெட்ட சொற்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஃபார்மர் 1896இல் தொகுத்த 'மியூசா பெடஸ்ட்ரிஸ்' என்ற திருடர் பாஷைப் பாடல்களிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாஷையில் பகல் 'லைட்மேன்ஸ்', இரவு 'டார்க்மேன்ஸ்', சாராயக்கடை 'பவுசிங் கென்'. கைடுக்குப் பிடித்துப்போகும். மூன்றாம் அத்தியாயம் வரும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

டைப் அடிக்கக் கொடுக்கும் முன் நட்சத்திரம் இல்லாத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். என்னுடையது பென் டிரைவோடு தொலைந்துவிட்டது. அப்புறம், வெளித் தேர்வாளர் சைவமா அசைவமா என்று ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையவர் பிரியாணியைத் தொடவே இல்லை, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்.