ஊர் மாறியதும் வந்த படபடப்பு

அன்புள்ள ஐயா,

வயது 41. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன். பதவி உயர்வோடு மூன்று மாதம் முன்பு குடும்பத்துடன் கூடுவாஞ்சேரிக்கு வந்தேன். நானே கேட்டு வாங்கிய மாற்றல். வந்த கொஞ்ச நாளில், மின்சார ரயிலில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். குரோம்பேட்டையில் இறங்கிவிட்டேன். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். “டென்ஷன் ஆகாதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ரயில் ஏறுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அலுவலக நண்பர் தரும் தூக்க மாத்திரையில் தினமும் பாதி போடுகிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? வேலையை விட்டு ஊருக்கே போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பைத்தியம் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது மருத்துவர்கள் தினமும் பார்க்கிற, நன்றாகக் குணமாகிற ஒரு தொல்லை. நான் மருத்துவன் அல்ல. ஆனால் என் சித்தப்பா ஓய்வுபெற்ற வருடம் இதையேதான் பட்டார். வீட்டில் எல்லோரும் வாயுத் தொல்லை என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போதிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன்.

“நானே கேட்டு வாங்கிய மாற்றல்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது நடந்திருக்கும்போது பயம் ஏன் என்ற கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தோன்றுகிறது. 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100. கல்யாணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45. சந்தோஷமான காரியங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி, அக்கம்பக்கம் என்று எல்லாம் ஒரே மாதத்தில் மாறினால், அதைப் பழகிக்கொள்ள உடம்புக்கு நாளாகும்.

இப்படியொரு மாற்றத்தைத் தொடர்ந்து, பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், மனம் அதிலேயே உழன்று அன்றாட வேலைகள் தடைபட்டால் மருத்துவத்தில் அதை அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர் என்கிறார்கள். அழுத்தம் விலகினால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் தணிந்துவிடும். உங்களுடையது அதுதானா, அல்லது ரயிலில் வந்த பேனிக் அட்டாக் (திடீரென்று தாக்கும் கடும் பயம்) தனி நோயாக வேர்பிடிக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கவலை எல்லோருக்கும் வரும். ஆனால் தூக்கம் போய், ரயில் பயணமும் நின்றுபோன பிறகு, ‘தானாகச் சரியாகட்டும்’ என்று காத்திருப்பது சரியில்லை.

அந்த ரயில் பெட்டியில் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம். பயத்தில் அட்ரினலின் சுரந்தது, இதயம் வேகமாக அடித்தது. காற்று போதவில்லை என்று நீங்கள் வேகமாக மூச்சு வாங்கியிருப்பீர்கள். அப்படி வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்கள் மரத்துப்போகும், தலை சுற்றும். அதை மாரடைப்பு என்று நினைத்ததும் பயம் இரட்டிப்பாகியிருக்கும். இந்த அலை சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். நீங்கள் குரோம்பேட்டையில் இறங்காமல் இருந்திருந்தாலும் அது தணிந்திருக்கும். ஆனால் ‘இறங்கியதால் பிழைத்தோம்’ என்று மனசு பதிந்துகொண்டது. அதன்பின் ரயிலைத் தவிர்த்த ஒவ்வொரு நாளும் அந்தப் பதிவு கெட்டிப்பட்டுவிட்டது.

சிகிச்சை இதைத்தான் திருப்பிப்போடுகிறது. சிபிடி என்ற பேச்சு சிகிச்சையில், பயந்த இடத்துக்குப் படிப்படியாகக் கூட்டிப்போவார்கள். முதலில் கூட்டமில்லாத நேரத்தில் ஊரப்பாக்கம் வரை மனைவியோடு. பிறகு தாம்பரம் வரை தனியாக. படபடப்பு வந்தாலும் இறங்காமல், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டபடி உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். தேவைப்பட்டால் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நண்பர் தரும் மாத்திரைதான் எனக்குக் கவலை. அது அல்பிரசோலம் வகையாக இருந்தால், உடனே அமைதி தரும், சீக்கிரமே பழக்கமாகிவிடும். இனி அவரிடம் வாங்க வேண்டாம் என்பது சரி. ஆனால் தினமும் போட்டதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும். தைராய்டு பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அது மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். கும்பகோணத்துக்காரரிடம் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் மதியத்துக்குமேல் காபி வேண்டாம்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பேரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம் நாம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் படித்தவர்கள்கூட இதய மருத்துவரிடம் மறுபடி மறுபடி போகிறார்கள். நேரில் போகத் தயக்கமென்றால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு மனநலத் தொலைபேசி சேவை, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

வேலையை விடும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். தூக்கம் சீரான பிறகும் ஊர்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், அதில் தோல்வி எதுவுமில்லை. இப்போது போனால் பயம் எடுத்த முடிவாகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். மூன்று மணிக்கு விழிப்பது, மாத்திரை, ரயில் எல்லாவற்றையும் மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்ல விட்டுப்போவதை அவர் சொல்லுவார்.