கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்

கேள்வி: எங்கள் முகாம் கழகம் ஏப்ரல் கடைசியில், சீசன் முடிவதையொட்டி, காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஓர் இரவு ஒன்றுகூடல் வைக்கிறது. கூடாரங்களையும் மரங்களையும் மின்விளக்குகளால் சோடிக்கப் போகிறார்கள். மனைவியோடும் ஆறு வயது மகளோடும் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், ஹட்டன்)

பதில்: இப்படியான இரவுகளில் பலரும் பயப்படுவது சிறுத்தைக்கும் பாம்புக்கும்தான். எனக்குப் பயமெல்லாம் ஆட்டம் பாட்டம் முடிந்து எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தைப் பற்றி. இறைச்சி வாட்டிய கரி சாம்பல் பூத்துக் கிடக்கும். கிட்டப் போனால் இதமாக இருக்கும். பிள்ளைக்குக் குளிருமே என்று சட்டியை அப்படியே கூடாரத்துக்குள் தூக்கி வைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அணைந்தது போலத் தெரியும் கரியும் மணிக்கணக்கில் காபன் மொனொக்சைட் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கூடார வாசலின் சிப்பைக் (zip) கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பார்கள், போதாது. காஸ் அடுப்புக்கும் இதே விதிதான்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்று என்று கூடாரத்தில் ஒருவர் சொன்னால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். குளிருக்கு வழி கீழே இருக்கிறது: தரையில் தடித்த விரிப்பு, காய்ந்த மேசு, கம்பளி. குளிர் மண்ணிலிருந்துதான் ஏறும்.

அடுத்தது விளக்குகள். பெற்றரியில் எரியும் எல்ஈடி சரங்கள் என்றால் கவலை குறைவு. 230 வோல்ட் கரண்ட் என்றால், ஏற்பாட்டாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா? இரவில் பனி இறங்கிப் புல் நனைந்துவிடும். அந்தப் புல்லில் பிளக் இணைப்பு கிடக்கக்கூடாது, கம்பில் உயரக் கட்ட வேண்டும். சுருளில் வரும் வயரை முழுதாக இழுத்து விரித்துத்தான் பாவிக்க வேண்டும், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். ஜெனரேட்டர் புகையிலும் அதே வாயுதான், ஆகவே அது கூடாரங்களிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் போகும் இடத்தில் நிற்கட்டும்.

மரத்தில் சரம் கட்டுவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே கிளைகளை அண்ணாந்து பாருங்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி நமக்குப் புதிதில்லை. கூட்டுக்குக் கீழே தீ மூட்டினால் புகையில் கலைந்து வரும். நாம் குளவி என்று சொல்லும் அந்தப் பெரிய மலைத்தேனீ இரவிலும் வெளிச்சத்தைத் தேடி வரக்கூடியது. கூடு இருந்தால் இடத்தையே மாற்றச் சொல்லுங்கள். மீறிக் கலைந்துவிட்டால் விளக்கை அணைத்து, முகத்தை மூடிக்கொண்டு வாகனத்துக்குள் ஓடிக் கண்ணாடியை ஏற்றுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ மூச்சு முட்டினாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

ஏப்ரல் கடைசியில் பின்னேரம் இடியோடு மழை வருவது வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவென்றால் வாகனத்துக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை இறங்காதீர்கள். கூடாரம் மின்னலைத் தடுக்காது. வெட்டிய சரிவுக்குக் கீழே படுக்கை போட வேண்டாம். டித்வா புயலைப் பார்த்த மலையகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேளுங்கள்.

மகளின் கையில் ஒளிரும் பட்டி ஒன்று, கழுத்தில் ஒரு விசில். நீர் இறங்கிய கரை மேலே காய்ந்து கீழே சேறாக இருக்கும், இருட்டில் அந்தப் பக்கம் பெரியவர் துணையோடும் போக வேண்டாம்.

அப்புறம், போய் இறங்கியதுமே முகாம் இடம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டு இருவரும் குறித்து வையுங்கள். அம்புலன்சுக்கு ‘காசல்ரீ கரை’ என்று சொன்னால் எந்தக் கரை என்று தேடவே நேரம் போய்விடும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போகும் வழியையும் பகலிலேயே பார்த்து, வாகனத்தை வெளியேறும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.