பெர்லின் வேலைக்குப் போக நினைக்கும் வடசென்னைக்காரர்களுக்கு: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன் நான். பெர்லினில் ஒன்பது வருடமாக வேலை. லீவில் ஊருக்கு வந்தால் தெருவில் நாலு பேராவது நிறுத்தி, எப்படிப் போவது என்று கேட்பார்கள். இந்த முறை கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன்.

எண்ணூர், ஐடிஐ வெல்டர், 27 வயது: அண்ணா, 'சான்சன்கார்ட்டே' விசா வாங்கித் தர ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார். அம்மா நகையை வைத்துக் கட்டலாமா?

வேண்டாம் தம்பி. நகையைத் தொடாதீர்கள். 2024 ஜூனில் வந்த இந்த விசாவில் ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேடலாம். ஆனால் நம் அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு வருடப் படிப்பு இருக்க வேண்டும். ஐடிஐ-யில் வெல்டர் ஒரு வருடப் படிப்பு. ஃபிட்டர் என்றால் இரண்டு வருடம், அதற்கு வாய்ப்பு உண்டு. முதல் படியிலேயே நிற்கிற விஷயத்துக்கு ஒருவர் 4 லட்சம் கேட்கிறார் என்றால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே கேட்கிறார்.

விசா கட்டணமே 75 யூரோதான். பெரிய தொகை எதற்கென்றால், மாதம் 1,091 யூரோ வீதம் (2025 கணக்கு) ஒரு வருடச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். அது உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கும், அங்கே போனதும் மாதாமாதம் உங்களுக்கே வரும். அதை 'ஃபீஸ்' என்று சொல்லி யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வேலை வாங்கித் தரும் பதிவுபெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நானே முதல் முயற்சியில் ஒருவரிடம் அப்பாவின் சேமிப்பைக் கொடுத்து ஏமாந்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சரியான வழி 'ஆஸ்பில்டுங்'. சம்பளத்தோடு தொழில் கற்கும், பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை வருடப் பயிற்சி. அதற்கு ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை வரை வேண்டும். அந்த 4 லட்சத்தில் சின்னப் பங்கை மொழி வகுப்புக்குக் கட்டுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஆயிரம் விளக்கு. அங்கிருந்து ஜெர்மன் கற்றுத்தரும் ரட்லண்ட் கேட் கதே நிலையம் பக்கம்தான்.

வியாசர்பாடி, பி.எஸ்சி. நர்சிங்: பி1 முடித்தால் போதுமா, பி2 வரை போகணுமா?

பி2 முடித்துவிட்டே கிளம்புங்கள் தங்கச்சி. பி1-இலேயே கூட்டிப்போகிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் படிப்பை அங்கே அங்கீகரித்தால்தான் முழு நர்ஸ் சம்பளம், அதற்கு பி2 வேண்டும். பெர்லினில் 'லாகேஸோ' என்ற மாநில அலுவலகம் உங்கள் பாடங்களை அவர்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிடும். குறை இருந்தால் தேர்வு எழுதலாம், அல்லது மருத்துவமனையிலேயே பயிற்சி எடுக்கலாம். அதுவரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். பத்து மணி நேர டூட்டி முடித்து வந்து இலக்கணம் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இங்கே அம்மா சமைத்துப் போடும்போதே படித்துவிடுங்கள்.

ராயபுரம், ஐ.டி. ஊழியர்: வேலை கிடைத்துவிட்டது. வீடு எப்படிப் பிடிப்பது? சம்பளத்தில் கைக்கு எவ்வளவு வரும்?

வீடுதான் பெர்லினில் பெரிய பாடு. குடியேறின 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதை 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிக வரி பிடிப்பார்கள். ஆகவே முதல் மாதத் தங்குமிடத்தைப் பிடிக்கும்போதே, 'இந்த முகவரியில் பதியலாமா' என்று கேட்டுவிடுங்கள்.

விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் வெறும் வாடகை, 'வார்ம்' என்றால் ஹீட்டர், தண்ணீர் சேர்ந்தது. நம் பக்கம் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய காதுக்கு ஆறுதலான செய்தி: அங்கே சட்டப்படி மூன்று மாத 'கால்ட்' வாடகைக்கு மேல் வாங்க முடியாது. வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்பவர் திருடர்.

சம்பளத்தையும் கேட்டிருந்தீர்கள். தனி ஆளுக்கு வருடம் 50,000 யூரோ என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று போய்விடும். ரூபாயில் பெருக்கி வீட்டில் கணக்குச் சொல்லும் முன் அதைக் கழித்துவிடுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: நம்ம லைசென்ஸில் அங்கே வண்டி ஓட்டலாமா?

முதல் ஆறு மாதம். அப்புறம் அங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு.

காசிமேடு, ஒரு அம்மா: பொண்ணு நவம்பர்ல போறா. என்னப்பா குடுத்தனுப்பட்டும்?

கருவாடு தாராளமாகக் கொடுங்கம்மா, மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. நெய்யும் இறைச்சியும் வேண்டாம், ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். கருவாட்டை நாலு சுற்று கட்டுங்கள், வாசம் வெளியே வரக்கூடாது. மசாலா, அரிசி எல்லாம் அங்கே இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும்.

இன்னொன்று. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் நான் அதில்தான் உடைந்துபோனேன். அவள் வேலை முடிந்து ஆறு மணிக்கு அறைக்கு வரும்போது நமக்கு இரவு பத்தரை. அந்த ஒரு மாசம் தூங்காமல் இருந்து அவளுக்கு போன் போடுங்கள்.