தெரிந்ததையே ஏன் கேட்கிறார்கள்?

பதில் தெரிந்தும் ஏன் கேட்கிறார்கள் என்கிறீர்கள். இதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு: அறிவினா. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்து, முதலில் சொல்வது இதைத்தான். வகுப்பில் வாத்தியார் கேட்பது இந்த வகை. அவருக்கு வேண்டியது விடை இல்லை, அது உங்களுக்குத் தெரியுமா என்பது.

தெருவில் நடப்பது வேறு. மயிலாப்பூர் மாடவீதியில், முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு வருகிறேன். எதிர்வீட்டு மாமி, "என்னப்பா, மார்க்கெட்டா?" என்பார். "ஆமாம் மாமி", அவ்வளவுதான். அது விசாரணை இல்லை, நலம் விசாரிப்பு. பதில் சொல்லாமல் நடந்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

இரவு 11 மணிக்கு வீடு திரும்பினால் அம்மா கேட்கும் "மணி என்ன?" மட்டும் இந்த இரண்டிலும் சேராது. சுவர்க்கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றுதான் கேட்பார்.