நல்லா இருந்துச்சு என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: கல்யாண நாள் என்று குடும்பத்தோடு நாலு பேர் ஒரு பெரிய ஏசி ரெஸ்டாரண்டுக்குப் போனோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்த பிரியாணி ஓரத்தில் சுட்டது, நடுவில் ஜில்லென்று இருந்தது. சப்ளையரிடம் சொன்னேன். "மாஸ்டர்கிட்ட கேக்கறேன் சார்" என்று போனவர் பில்லோடுதான் திரும்பி வந்தார். சாப்பாடு 1,840 ரூபாய், அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். கட்டிவிட்டுக் கிளம்பும்போது மேனேஜர், "சாப்பாடு எப்படி சார்?" என்றார். மனைவி முழங்கையால் இடித்தும், "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். இவர்களை என்னதான் செய்வது?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: அவர்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்களைக் கொஞ்சம் கவனிக்கிறேன். வீட்டுச் சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொல்கிறவர்கள் நாம். காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு நாகரிகம் வந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. பக்கத்து மேசைக்காரர் என்ன நினைப்பாரோ! மேனேஜர் கேட்டார், நீங்களும் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டீர்கள். அவரைப் பொறுத்தவரை அன்றைக்குப் புகார் எதுவும் இல்லை.

ஓரம் சுட்டு நடு ஆறியிருந்தது என்றால் பெரும்பாலும் மத்தியானப் பிரியாணியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டோடு மைக்ரோவேவில் வைத்திருப்பார்கள். இரண்டாவது வாயிலேயே தட்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டுக் குறை சொன்னால் எந்த மாஸ்டரும் சிரிக்கத்தான் செய்வார்.

சரி, சர்வீஸ் சார்ஜுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன் (ஓட்டல் பெயரை நான் போடவில்லை, அவர்கள் தரப்பைக் கேட்காமல் போடுவது முறையில்லை). 1,840-க்கு 184 சர்வீஸ் சார்ஜ். இரண்டையும் கூட்டி 2,024-க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது பில்லோடு மட்டும் திரும்பி வந்த சப்ளையரின் சேவைக்கு 184 ரூபாய், அந்த 184-க்கு வரி தனியாக 9 ரூபாய் 20 காசு! சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, சாப்பாட்டோடு கூட்டி ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்து, ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் கட்டவும் சொன்னது. "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில் போடுங்க" என்று நீங்கள் கேட்டிருந்தாலே போதும். ஜிஎஸ்டி மட்டும் அரசாங்கத்துக்குப் போவது, அதை மறுக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஸ்ஸில் சாப்பிடுவேன். ஆறு மேசை, ஆடுகிற பெஞ்சு. ஒருநாள் ரசத்தைத் தொடாமல் இலையை மடித்தேன். பரிமாறுகிற பெரியவர், "ஏன் தம்பி, புளிப்பு தூக்கலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார், முகம் சுளித்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு உட்கார்ந்த யாருக்கும் ரசம் ஊற்றவில்லை. அங்கே சர்வீஸ் சார்ஜ் கிடையாது.

உங்கள் 184 ரூபாய் இன்னும் முழுகிப் போகவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அங்கேயும் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தால் போனை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். முழங்கையால் இடித்தவர் பேசிக்கொள்வார்.